குடிக்காமல் வைத்த காப்பி

எங்கள் மலைத்தெருவான சுமாக் ஏற்றத்தில் பள்ளிக்கு நடந்து போகிற பிள்ளை ஒருத்திதான். என் மகள் மைஸ். எட்டு வயது.

பள்ளி ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறது. எங்கள் வீடு நடுவில். ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களைப் பள்ளிப் பேருந்து ஏற்றாது. அவ்வளவு தூரம் பிள்ளைகள் நடக்கலாம் என்பது விதி. அதனால் ஒரு கிலோமீட்டருக்குள் வசிக்கும் பிள்ளைகள் பலரும் காரில் போனார்கள். அந்தக் கார்கள் எங்கள் தெருவில்தான் ஏறி இறங்கின. அவற்றுக்குப் பயந்து மீதிப்பேரும் கார் வாங்கினார்கள்.

எங்களிடமும் கார் இருந்தது. லுப்னா போன பிறகு விற்றுவிட்டேன். லுப்னா என் மனைவி. போன வருடம் மாதுளை வரும் பருவத்தில், கீழே அபூ கைஸின் கடையில் தயிர் வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள். ஒரு தண்ணீர் லாரி பிரேக் பிடிக்காமல் இறங்கி வந்தது.

மூன்றாம் நாள் லாரிக்காரர் தரப்பில் ஜாஹா வந்தது. ஜாஹா என்றால் ஊர்ப் பெரிய மனிதர்கள் திரண்டு வந்து ஒன்றைக் கேட்பது. பெண் கேட்கவும் வருவார்கள், சாவுக்கு மன்னிப்புக் கேட்கவும் வருவார்கள். போட்டுக்கொண்டு வரும் அங்கி இரண்டுக்கும் ஒன்றுதான். காப்பி கொடுப்போம். தலைவர் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைப்பார். கேட்டது கிடைத்தது, குடியுங்கள் என்று வீட்டுக்காரன் சொல்லும்வரை யாரும் தொட மாட்டார்கள். எழுந்து போகவும் மாட்டார்கள். நான் சொன்னேன். அவர்கள் போனால்தான் நான் தூங்க முடியும்.

காலையில் மைஸை நான் கொண்டுபோய் விடுவேன். மதியம் மருந்துக்கடையை விட்டு வர முடியாது. அவள் தனியாக இறங்கி வருவாள்.

தெருவில் நடைபாதை உண்டு. அதன் நடுவில் மரங்கள் உண்டு. நடைபாதை எவ்வளவு அகலமோ மரத்தின் பாத்தியும் அவ்வளவு அகலம். பெரியவர்கள் சாலையில் இறங்கி நடப்பார்கள். மைஸ் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கார் வராத நேரம் பார்த்து அடுத்த மரத்துக்கு ஓடுவாள்.

ஏற்றத்தில் ஒரு வேகத்தடை போடச் சொல்லி எழுதிக் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

பதிலுக்கு ஓர் ஆணையம் வந்தது. பள்ளிக்கு நடத்தலையும் சைக்கிள் மிதித்தலையும் வளர்க்கும் உயர் ஆணையம் என்று பெயர். ஜீப்புகளில் வந்தார்கள். நிறுத்த இடமில்லாததால் ஜீப்புகளை நடைபாதையில் ஏற்றி நிறுத்தினார்கள். அன்று மைஸ் சாலை நடுவில் நடந்து வந்தாள். அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆணையத் தலைவர் டாக்டர் துர்கி அவள் முன்னால் குனிந்தார். நல்ல வாசனைத் தைலம் பூசியிருந்தார்.

"கண்ணு, பள்ளிக்கூடம் போறப்ப உன்னைத் தடுக்கிற காரணி எது?"

"காரணின்னா?"

"எது உனக்குக் கஷ்டமா இருக்கு?"

"காரு."

டாக்டர் துர்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். மைஸின் அப்பா என்பதால் ஊரில் எனக்கு அபூ மைஸ் என்று பெயர். "கார் எங்க துறையில்ல, அபூ மைஸ். அது போக்குவரத்துத் துறை. அதை நாங்க காரணின்னு சொன்னா அவங்க கோவிச்சுக்குவாங்க." மறுபடி குனிந்தார். "கண்ணு, உனக்குள்ளேயே இருக்கிற மாதிரி ஏதாவது சொல்லு. சோம்பேறித்தனம், கூச்சம், அந்த மாதிரி."

மைஸ் யோசித்தாள். "கார் வந்தா மரத்தைக் கட்டிக்குவேன், மாமா."

"அப்ப, மரம் இருக்கிறதாலதான் நடக்கிறே?"

"மரம் இல்லாட்டி நடக்க முடியாது."

டாக்டர் துர்கி நிமிர்ந்தார். அவர் கண் ஈரமாக இருந்தது. அடுத்த வாரம் இரண்டிரண்டு மரங்களுக்கு நடுவில் இன்னொரு மரம் நட்டார்கள். இப்போது நடைபாதையில் கால் வைக்க இடமில்லை.

அபூ கைஸ் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் நாலு நடச் சொல்லு. பிள்ளைங்க கிளைக்குக் கிளை தாவியே பள்ளிக்கூடம் போயிரும்" என்றார்.

அடுத்து மிதித்தல். பிள்ளைகள் சைக்கிளில் போகாததற்கு முக்கியக் காரணி சைக்கிள் இல்லாமை என்று ஆராய்ந்து கண்டார்கள். மைஸுக்கு ஒன்று பரிசளித்தார்கள். சிவப்பு நிறம். பெரிய மணி. பிரேக் இல்லை.

"பிரேக் ரெண்டாம் கட்டத்துல வரும்" என்றார் டாக்டர் துர்கி.

"இது மலைத்தெரு, டாக்டர்."

"பள்ளிக்கு ஏறிப் போறப்ப பிரேக் எதுக்கு? எங்க ஆணையத்தோட பேரைப் பாருங்க. பள்ளிக்குப் போறதுதான் எங்க பொறுப்பு. திரும்பி வர்றது எங்க வரம்புல இல்ல."

சைக்கிளை மொட்டைமாடியில் ஏற்றி வைத்தேன். அபூ கைஸ் எங்கிருந்தோ இரண்டு பிரேக் கொண்டுவந்து மாட்டினார். அப்போதும் அதைக் கீழே இறக்கவில்லை. மைஸ் மாடியில் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். மணிச் சத்தம் மட்டும் தெருவுக்குக் கேட்கும்.

ஆய்வு முடிந்ததும் பள்ளி மைதானத்தில் பெற்றோர்களைக் கூட்டினார்கள். டாக்டர் துர்கி பேசினார். தூரம், ஏற்றம், வெயில், நாய், புத்தகப் பையின் கனம் என்று காரணிகளை எடை போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். எல்லாவற்றையும்விடக் கனமான காரணி ஒன்று கிடைத்திருக்கிறது என்றார். அது பெற்றோரின் பயம்.

"கார்களைக் குறைக்க முடியாது. காருக்குச் சொந்தக்காரர் இருக்கார். சாலையை மாத்த முடியாது. சாலைக்கு ஒப்பந்தக்காரர் இருக்கார். பயத்துக்கு மட்டும்தான் கேக்க நாதி இல்ல. அதனால அதை எடுத்துடறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்."

கைதட்டினார்கள். நான் எழுந்து வேகத்தடை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வேகத்தடைய யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க, அபூ மைஸ்? இங்க ஆபத்து இருக்குன்னு நினைப்பாங்க. பயம் அங்கதான் ஆரம்பிக்குது."

அதற்கும் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் காரில் ஏறினார்கள். வாசலில் நெரிசல். நானும் மைஸும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போகும்வரை நின்றோம்.

சில நாள் கழித்து அபூ கைஸ் மருந்துக்கடைக்கே வந்தார். கடையை மூடிவிட்டு அவர் எங்கும் போகிற ஆள் இல்லை.

"உன் வீட்டுக்கு ஜாஹா வருது. வியாழக்கிழமை. அவ்வாத் பாஷா தலைமையில."

அவ்வாத் பாஷா ஓய்வுபெற்ற படைத்தளபதி. லுப்னாவுக்காக வந்த ஜாஹாவுக்கும் அவர்தான் தலைவர்.

"எதுக்கு?"

"அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. பொண்ணு கேக்க வர்றாங்கன்னா உன் பொண்ணுக்கு எட்டு வயசு. உனக்குப் பொண்ணு குடுக்க வர்றாங்கன்னா, பொண்ணு வீட்டுக்காரன் ஜாஹா அனுப்பி நான் பாத்ததில்ல. அவ்வளவு மோசமான பொண்ணா இருக்குமோ என்னவோ."

"மரத்தைப் பத்திப் புகார் எழுதினேன். அதை வாபஸ் வாங்கச் சொல்லுவாங்க."

"வாங்கிடு. பாஷாவை வாசல்வரைக்கும் வரவெச்சுட்டு இல்லைன்னு சொல்றதா?"

வியாழன் மாலை வந்தார்கள். பழுப்பு அங்கி, வெள்ளைத் தலைத்துணி. பிளாஸ்டிக் நாற்காலிகளை அபூ கைஸ் வாடகைக்கு எடுத்திருந்தார். ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பியை அவரே ஊற்றினார். அவ்வாத் பாஷா கோப்பையைக் கீழே வைத்தார். வரிசையில் எல்லோரும் வைத்தார்கள்.

பாஷா இறைவனைப் புகழ்ந்தார். என் தகப்பனைப் புகழ்ந்தார். தகப்பனுக்குத் தகப்பனைப் புகழ்ந்தார். "முஹன்னத், மகனே, உன்கிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்கோம். கிடைக்காம உன் காப்பியத் தொட மாட்டோம்" என்றார்.

அந்த இடத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்தது. வாய் தானாகச் சொன்னது.

"குடிங்க பாஷா. கேட்டது கிடைச்சுது."

குடித்தார்கள். போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகு பாஷா விளக்கினார்.

"உன் மக இந்தத் தெருவுல நடக்கிறா. கார்களும் போகுது. நாளைக்கு விதி எப்படியோ. அப்படி ஏதாவது ஆச்சுன்னா, எவன் ஓட்டியிருந்தாலும் சரி, நீ மன்னிச்சுட்டே. வழக்கு இல்ல, போலீஸ் இல்ல, மனசுல எதுவும் வெச்சுக்கறது இல்ல. இந்தப் பள்ளிக்கூடப் பருவம் முடியறவரைக்கும். இறைவன் உனக்கு நல்லது செய்யட்டும்."

நான் அவரைப் பார்த்தேன். "இன்னும் ஒண்ணும் ஆகலையே, பாஷா."

"அதுதானே இதுல அழகு. எல்லாம் ஆன பிறகு வர்றப்ப வீட்டுக்குள்ள அழுகை. பொம்பளைங்க சத்தம். காப்பி தொண்டையில இறங்காது. இன்னைக்கு எவ்வளவு அமைதியா இருக்கு பாரு. உன் காப்பியும் பிரமாதம்."

டாக்டர் துர்கி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இது முன்னோடித் திட்டம், அபூ மைஸ். அப்பாக்கள் எதுக்குப் பயப்படறாங்க? ஏதாவது நடந்துடுமோன்னு. நடந்தா என்ன ஆகும்னு ஏற்கெனவே பேசி முடிச்சுட்டா, பயப்பட என்ன மிச்சம்?"

"ஏன் என்கிட்ட?"

பாஷா வரிசையின் கடைசியைக் காட்டினார். தண்ணீர் லாரியின் சொந்தக்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

"அவர்தான் உன் பேரைச் சொன்னாரு. இந்த மலையில உன்னளவுக்குச் சீக்கிரம் மன்னிச்சவன் யாருமில்லைன்னாரு" என்றார் பாஷா.

போகும்போது ஒவ்வொருவரும் என்னைக் கட்டித் தழுவினார்கள். அபூ கைஸ் நாற்காலிகளை அடுக்கினார். அன்றைக்கு அவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

தெரு முனையில் பலகை வைத்தார்கள். "சமாதானம் ஆன தெரு. பயமின்றி நடப்பீர்." கீழே ஆணையத்தின் சின்னம். சின்னத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே நடந்தது.

பலகையைப் பிள்ளைகள் படிக்கவில்லை. ஓட்டுநர்கள் படித்தார்கள். பெரிய சாலையில் போய்க்கொண்டிருந்த டாக்சிகள் எங்கள் ஏற்றம் வழியாகத் திரும்பின. கேஸ் சிலிண்டர் விற்கும் வண்டி முன்பெல்லாம் தன் பியானோ மெட்டை ஒலிக்கவிட்டபடி ஊர்ந்து வரும்; இப்போது மெட்டு முடிவதற்குள் தெருவைத் தாண்டியது. ஒரு டாக்சிக்காரரை நிறுத்தி ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்டேன்.

"இங்க ஒண்ணும் ஆகாதுப்பா. எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்றார். பிறகு முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "நீதானே அந்த அப்பா? உன் கையைக் குடு."

மைஸைத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஓட்டுநர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையசைத்தார்கள். கையசைப்பவன் ஸ்டீயரிங்கில் ஒரு கைதான் வைத்திருப்பான். ஒரு நாள் அவள் பையின் வார் அறுந்து வந்தது. ஒரு வேனின் கண்ணாடியில் மாட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வேன்காரர் நிறுத்தி இறங்கி, அவளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார்.

"உங்க பாபாவுக்கு இறைவன் கூலி குடுப்பான்னு சொன்னாரு" என்றாள். "எதுக்கு பாபா?"

பையை வாங்கித் தைத்தேன். சாக்லேட்டை அவள் சாப்பிடவில்லை. மேசையில் கிடந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போனேன். அது நகரின் மேற்கு ஓரத்தில், நெடுஞ்சாலைகள் பிரியும் இடத்தில் இருக்கிறது. பேருந்தை விட்டு இறங்கிச் சாலையோரமாக நடந்தேன். வாயிலில் காவலாளி என்னையும் எனக்குப் பின்னாலும் பார்த்தார்.

"வண்டி எங்க?"

"நடந்து வந்தேன்."

"எங்க?"

"இங்க."

அவர் கூண்டுக்குள் போய் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்: "கதவு நம்பர் பலகையைப் படிச்சுத்தான் திறக்கும். ஆளுக்குத் திறக்காது. ஏதாவது கார் வர்றப்ப பின்னாடி ஒட்டிக்கிட்டு ஓடி வந்துடு. நான் பாக்காத மாதிரி இருக்கேன்."

அப்படித்தான் நுழைந்தேன்.

டாக்டர் துர்கி எனக்குத் தேநீர் வரவழைத்தார். கொடுத்த சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன்.

"குடிச்ச காப்பியத் திருப்பித் தர முடியுமா, அபூ மைஸ்?" அவர் குரலில் வருத்தம் இருந்தது. "ஆனா பருவம் முடியப்போகுது. நீங்க புதுப்பிக்க மாட்டேன்னு சொல்றது உங்க உரிமை."

"புதுப்பிக்க மாட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப மறுபடி ஜாஹா வரணும். பெரிசா. நானே இதைக் கேக்கணும்னு இருந்தேன். மலையில இருக்கிற மத்த அப்பாக்கள் எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா? 'அபூ மைஸ் இன்னொரு தடவை குடிங்கன்னு சொல்லட்டும், எங்க பிள்ளைங்களுக்கும் சேத்து அதே சொல் போதும்'ங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மலை முழுக்கப் பயம் போயிடும்."

"கார்?"

"கார் எங்க துறையில்ல."

விடுமுறை முடிய ஒரு நாள் இருந்தபோது வந்தார்கள். நல்ல குளிர். முன்னாள் அமைச்சர்கள், குலத்தலைவர்கள், ஒப்பந்தக்காரர்கள், சாலைக்கும் காருக்கும் சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு கார், காருக்கொரு ஓட்டுநர். நிறுத்த இடமில்லாமல் ஏற்றத்தின் அடியிலிருந்து பள்ளி வாசல்வரைக்கும் சாலையிலேயே நிறுத்தினார்கள். குறுக்கும் நெடுக்குமாக. ஜாஹாவின் கார்களைப் பார்த்து யாரும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். அது மரியாதை இல்லை.

வீடு கொள்ளவில்லை. படிக்கட்டிலும் நாற்காலி போட்டோம். அபூ கைஸ் காப்பி ஊற்றி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவ்வாத் பாஷா கோப்பையைக் கீழே வைத்தார். வரிசை வரிசையாகக் கோப்பைகள் தரையைத் தொடும் சத்தம் படிக்கட்டுவரை இறங்கிப் போனது.

பாஷா இறைவனைப் புகழ்ந்தார். என் தகப்பனைப் புகழ்ந்தார். இந்த முறை லுப்னாவையும் புகழ்ந்தார். "மகனே, என்ன கேட்டு வந்திருக்கோம்னு உனக்கே தெரியும்" என்றார்.

வாய் தானாகத் திறந்தது.

அப்போதுதான் வெளியே கார் ஓடுகிற சத்தமில்லை என்பது காதில் விழுந்தது. ஏறுகிற கார் இல்லை, இறங்குகிற கார் இல்லை. எங்கோ மலையடியில் சிலிண்டர் வண்டி மாட்டிக்கொண்டு அதே மெட்டைத் திரும்பத் திரும்ப ஒலித்தது. மாடியில் கேட்டுப் பழகிய மணிச் சத்தம் இப்போது தெருவிலிருந்து கேட்டது.

அபூ கைஸ் ஜன்னலருகே போனார். "மைஸ்தான். சைக்கிளை இறக்கிட்டா. தையல்கார வீட்டுப் பையனும் இருக்கான். பேக்கரி வீட்டு ரெட்டைப் புள்ளைங்களும்." இன்னும் எட்டிப் பார்த்தார். "கார்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓட்டறாங்க. மரத்துப் பக்கம் ஒருத்தரும் போகல."

நான் வாயை மூடினேன்.

"சொல்லுப்பா, காப்பி ஆறுது" என்றார் பாஷா.

"அபூ கைஸ், பெரியவங்களுக்குச் சூடா ஊத்துங்க."

அபூ கைஸ் என்னைப் பார்த்தார். பிறகு கோப்பைகளை எல்லாம் எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றி வந்தார். மறுபடி தரையைத் தொடும் சத்தம். யாரும் தொடவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. கேட்டது கிடைக்காமல் ஜாஹா எழுந்தால் வந்த அத்தனை குலத்துக்கும் இழுக்கு.

டாக்டர் துர்கி என் காதருகே குனிந்தார். "அபூ மைஸ், அஞ்சு மணிக்குத் தொலைக்காட்சிக்காரங்க வர்றாங்க. சொல்லிடுங்க. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குது. பிள்ளைங்க பயமில்லாம நடக்கணும்."

"நடக்கறாங்க, டாக்டர். ஜன்னல்ல பாருங்க."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது திட்டத்துல இல்லையே" என்றார்.

சூரியன் சாய்ந்தது. முறை போட்டுத் தொழுதுவிட்டு அதே நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள். அங்கிப் பைகளில் தொலைபேசிகள் நடுங்கின. முன்னாள் அமைச்சர் ஒருவர் மனைவியிடம் வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னும் குடிக்கலடி" என்றார். காப்பி மூன்றாம் முறை வந்தது. லாரிச் சொந்தக்காரர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

கீழே இன்னும் பல மணிகள் சேர்ந்துவிட்டன. மைஸ் கூப்பிட்டாள்.

"பாபா! கைய விட்டு ஓட்டறேன், பாரு."

நான் எழுந்து போகவில்லை. வீட்டுக்காரன் எழுந்தால் பதில் சொல்லியாக வேண்டும். கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வாத் பாஷா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை.

"பாலைவனக் காவல் படையில இருந்தவன் நான், மகனே. உக்காந்திருக்க எனக்குத் தெரியும். நாளைக்கும் உக்காருவேன், நாளன்னைக்கும் உக்காருவேன். ஆனா நீ எப்பவாவது தூங்கணுமே."

அபூ கைஸ் காப்பியைச் சூடாக்க உள்ளே போனார். கீழே ஓட்டுநர்கள் யாரும் எஞ்சினை அணைத்திருக்கவில்லை.